மூன்றாம் கியரில் தீவகம்

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் கிடக்கும் தீவுக்கூட்டமான தீவகத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோருக்குக் குறிகாட்டுவான் இறங்குதுறைதான் இலக்கு. பஸ்ஸோ வானோ நகரத்துக் கடற்கரையோரமான பண்ணையிலிருந்து கிளம்பி, ஏறக்குறைய 30 கிலோமீட்டரை ஒரே மூச்சில் ஓடிக் கடந்து, இறங்குதுறையில் ஆட்களை இறக்கிவிடும். அங்கிருந்து படகில் நயினாதீவு அல்லது நெடுந்தீவு. பின்னேரம் அதே வேகத்தில் திரும்பிவிடுவார்கள். இடையில் கடந்துபோன ஊர்களைப் பற்றிக் கேட்டால், "அங்கை என்ன கிடக்கு, வெறும் வெளிதானே" என்பார்கள். அந்த வெறும் வெளிக்காகவே நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறேன். நேரம் கிடைக்கும் போதெல்லாம் போகிறேன்.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். பண்ணைப் பாலத்தால் வேலணைத் தீவுக்குள் இறங்கி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், சாட்டி, வேலணை. அங்கிருந்து இன்னொரு தாம்போதியால், அதாவது கடலுக்குக் குறுக்கே மேடாகப் போட்ட வீதியால், புங்குடுதீவு, அதன் மேற்குக் கரையில் குறிகாட்டுவான். பிறகு வேலணைக்குத் திரும்பி வந்து சரவணை, நாரந்தனை, கரம்பொன் ஊர்களுக்கூடாக ஊர்காவற்றுறை. ஊர்காவற்றுறையில் 'பாதை' என்று சொல்லும் மிதவையில் வண்டியையும் ஏற்றிக்கொண்டு காரைநகர். கடைசியாகப் பொன்னாலைப் பாலத்தால் வலிகாமத்துக்குள் இறங்கினால் யாழ்ப்பாணம் பக்கம்தான். எல்லாம் சேர்த்து 100 கிலோமீட்டருக்குக் கிட்டத்தான் வரும். வேகமாக ஓடுகிறவர் அரை நாளில் முடித்துவிடலாம். விடியப் புறப்பட்டுப் பொழுது படும் வரைக்கும் ஓட்டினால்தான் எனக்குத் திருப்தி.

என்ன வண்டி என்பது பெரிய விஷயமில்லை. 100 சீசி, 125 சீசி தாராளம். தீவகத்தில் மலையும் இல்லை, மேடும் இல்லை. எல்லா நிலமும் கடல்மட்டத்திலிருந்து ஒருசில மீட்டர் உயரம்தான். மணிக்கு 30, 35 கிலோமீட்டரில், மூன்றாம் கியரில், எஞ்சின் தணிந்து ஓடும்போதுதான் மற்றச் சத்தங்கள் காதில் விழும். காய்ந்த பனையோலை மரத்தில் உரசுவது, எங்கோ ஓர் ஆட்டுக் கழுத்து மணி, தாம்போதியின் மதகுக்குள் தண்ணீர் சுழித்து ஓடுவது. 60ஐத் தொட்டுவிட்டால் காற்றின் இரைச்சல் தவிர வேறெதுவும் கேட்காது. சைக்கிளில் போனால் இன்னும் நன்றாகக் கேட்குமே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நிழலே இல்லாத தாம்போதிகளில், எதிர்க்காற்றில், இந்த வெயிலில் மிதித்தால் மத்தியானத்துக்குள் உடம்பு ஓய்ந்துவிடும். பார்க்கும் ஆசையும் அதோடு போய்விடும்.

யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிளுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை கேட்க முடியாது. எங்கள் மெக்கானிக்குகள் ஹொண்டாக்களை மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கினார்கள். முதலில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்ப வேண்டும். சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது, அந்தச் சில துளிகள் அதற்காகத்தான். நோயாளியை ஏற்றுவதும், மூட்டை முடிச்சோடு இடம்பெயர்வதும் அப்படி ஓடிய வண்டிகளில்தான் நடந்தன. டாங்கை நிரப்பிக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல், கடலைப் பார்த்தபடி சும்மா ஓடுவது அன்றைக்கு யாருக்கும் வாய்க்காத ஒன்று. பண்ணைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

கோட்டையடியைத் தாண்டியதும் பண்ணைப் பாலம் தொடங்குகிறது. சூரியன் ஒரு பனை உயரம் எழுமுன் இதில் இருக்கவேண்டும். இரண்டு பக்கமும் பரவைக்கடல். ஆழம் குறைவு, இடுப்பளவு தண்ணீருக்குள் மீன்பிடித் தொழிலாளிகள் கரையிலிருந்து வெகுதூரம் நடந்தே போவார்கள். மழைக்காலம் முடிந்த பிறகு மண்டைதீவுப் பக்கத்துச் சதுப்பில் பூநாரைகள் கூட்டமாக நிற்பதைச் சில வருடங்களில் பார்த்திருக்கிறேன். வான்களில் போகிறவர்கள் அவற்றைத் தூரத்து உப்புப் படை என்று நினைத்துக் கடந்துவிடக்கூடும்.

தண்ணீருக்குள் வரிசையாகத் தடிகள் நட்டிருக்கும். அவைதான் களங்கண்டிகள். பாலத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஆழமான பக்கத்தை நோக்கி ஒரு நீண்ட வலைச்சுவர் போகும். அது முடியுமிடத்தில் வளைத்துக் கட்டிய ஓர் அறை, அதற்குள் இன்னொன்று. மேய்ந்து வரும் மீன் சுவரில் முட்டினால் வந்த வழியே திரும்பாது, சுவரோரமாகவே ஆழத்தை நோக்கி நீந்தும். வாசல் உள்ளே போகப் போக ஒடுங்கியிருப்பதால் புகுந்த மீனுக்கு வெளியேறும் வழி பிடிபடாது. விடியற்காலையில் ஆள் வந்து அத்தாங்கால் அள்ளிக்கொள்வார். எஞ்சின் இல்லை, துரத்தல் இல்லை. மீனுக்கு என்ன பழக்கம், நீரோட்டம் எந்தப் பக்கம் என்பது தெரிந்திருந்தால் போதும். இந்தக் கடலில் தண்ணீர் வற்றுவதற்கும் பெருகுவதற்கும் உள்ள வித்தியாசம் முழங்காலுக்கு மேல் போவதில்லை. அந்தச் சிறிய அசைவை நம்பி இப்படி ஒரு தொழிலை ஆட்கள் கட்டி எழுப்பியிருப்பது ஒவ்வொரு முறையும் என்னை வியக்கவைக்கிறது.

அப்படி நின்றபோது ஒருநாள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறிய பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார்.

"எங்கை தம்பி, நயினாதீவுக்கோ?"

"இல்லை ஐயா, சும்மா தீவுகளைச் சுத்திப் பாக்கப் போறன்."

"அப்ப வெள்ளெனப் போங்கோ. பத்து மணிக்குப் பிறகு சோளகம் எழும்பும். புங்குடுதீவுப் பாலத்திலை ஆளைப் பிடிச்சுத் தள்ளும்."

"இண்டைக்கு மீன்பாடு எப்பிடி ஐயா?"

"ஓரா கொஞ்சம், நண்டு கொஞ்சம். சோளகத்திலை இவ்வளவுதான் தம்பி."

அவர் சொன்னது அப்படியே நடந்தது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். காலையில் அடங்கியிருக்கும் காற்று, நிலம் சூடேறச் சூடேற எழும்பி மத்தியானத்தில் உச்சத்துக்கு வரும். தாம்போதியில் மறைப்பு எதுவும் கிடையாது. பாரம் குறைந்த மோட்டார் சைக்கிளை அது வீதியின் ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டே போகும். வேகத்தைக் குறைத்து, முழங்கால்களை டாங்கோடு அணைத்து, காற்று வரும் பக்கமாகச் சற்றுச் சாய்ந்து ஓட்டவேண்டும்; கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் வண்டி இன்னும் ஆடும். எதிரே பஸ் வந்தால் கூடுதல் கவனம் தேவை. அது கடந்துபோகும் நொடியில் காற்று மறைந்து, அடுத்த நொடியில் திரும்ப அடிக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும் மழை. மாசி, பங்குனி மாதங்கள்தான் இந்தச் சுற்றுக்கு வாய்த்தவை: கடல் அடங்கிக் கிடக்கும், கிணறுகளில் தண்ணீர் இருக்கும், பற்றைகள் இன்னும் பச்சையாக நிற்கும்.

மண்கும்பானை நெருங்கும்போது நிலத்தின் நிறம் மாறுகிறது. வீதியின் இரண்டு பக்கமும் வெள்ளை மணல், அதில் பனையும் வடலியும். இந்த மணலை வெறும் மணல் என்று நினைத்துவிடக்கூடாது. தீவின் தண்ணீர்த் தொட்டியே இதுதான். இங்கே ஆறு இல்லை. பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, கீழே ஏற்கனவே ஊறியிருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது என்பதால் இரண்டும் லேசில் கலப்பதில்லை. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் வரும். இறைத்து இறைத்து மேலே ஒரு அடி குறைந்தால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். மணலை அள்ளிக்கொண்டு போனால் மழையைப் பிடித்து வைக்கும் மேடே இல்லாமல் போய்விடும். இந்தப் பக்கத்தில் மணல் அள்ளிய குழிகளை வீதியில் நின்றே பார்க்கலாம். கட்டடம் கட்ட மணல் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மணலைத் தொடக்கூடாது என்றே நான் நினைக்கிறேன். சாட்டிப் பக்கத்து நல்ல தண்ணீரைப் பவுசர்களில் நிரப்பி உவர் ஊர்களுக்குக் கொண்டுபோவதைப் பார்த்த பிறகும் ஒருவர் இங்கே மணல் லொறியை நிறுத்துகிறார் என்றால், அவரைத் தடுக்க வேண்டியது சட்டத்தின் வேலை, ஊரின் வேலையும்கூட.

சாட்டியில் கடற்கரையோரம் சிந்தாத்திரை மாதா கோவில். கடலில் போகிறவர்கள் நல்லபடியாகத் திரும்பவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் மாதா. பக்கத்தில் குளிக்கத்தக்க கரை, விடுமுறை நாட்களில் கூட்டம். நான் அங்கே அதிக நேரம் நிற்பதில்லை.

வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதிதான் இந்தச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்த துண்டு. சில கிலோமீட்டர் தூரத்துக்கு வீதியும் தண்ணீரும் மட்டும். எதிரே புங்குடுதீவின் பனங்கூடல் முதலில் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்து, மெல்ல மெல்ல மரம் மரமாகப் பிரியும். தீவுக்குள் இறங்கினால் மடத்துவெளி. அங்கிருந்து பிரதான வீதியை விட்டு உள்ளே திரும்பிவிடுங்கள்.

உள்ளே இருப்பவை வீடுகள். பெரிய வீடுகள். தூண் வைத்த விறாந்தை, பூவேலை செய்த காற்றோட்டத் துளைகள், சீமெந்தில் வார்த்த முகப்பு, அதன் உச்சியில் கட்டிய ஆண்டு. பலவற்றுக்குக் கூரை இல்லை. நடுக்கூடத்தில் ஆலங்கன்று முளைத்துச் சுவரைப் பிளந்துகொண்டு நிற்கும். ஒருமுறை ஒரு வீட்டின் மதிலோரம் வண்டியை நிறுத்திக் கதவில்லாத வாசலால் எட்டிப் பார்த்தேன். சமையலறைச் சுவரில் புகை படிந்த கறுப்பு இன்னும் அப்படியே இருந்தது. அம்மி இருந்த இடம் தெரிந்தது. ஒரு சன்னல் நிலையில் பிள்ளைகளின் உயரத்தைக் கீறிய கோடுகள், அதில் மேலே இருந்தது என் தோளளவுக்கு வந்தது. உள்ளே கால் வைக்க மனம் வரவில்லை.

தண்ணீரும் வயலும் குறைந்த ஒரு தீவில் இத்தனை பெரிய வீடுகள் எப்படி வந்தன? தீவகத்தார் வியாபாரத்துக்குப் பேர்போனவர்கள். கொழும்பிலும் தெற்கின் பல ஊர்களிலும் புங்குடுதீவாரின் கடைகள் இருந்தன. ஆண்கள் வருடத்தில் பெரும்பகுதி கடைகளில் நின்று உழைத்த காசு இங்கே சுண்ணாம்பும் சீமெந்துமாக மாறியது. இனக்கலவரங்களில் அந்தக் கடைகள் எரிந்தன. 1990களின் தொடக்கத்தில் போர் தீவுகளுக்கே வந்தது. சனம் ஊரோடு கிளம்பிப் போனது. இன்றைக்குப் புங்குடுதீவாரின் சங்கங்களைக் கனடாவிலும் பிரான்சிலும் சுவிஸிலும் காணலாம். அவர்கள் அனுப்பும் காசில் கோவில்கள் புதுக் கோபுரத்தோடு நிற்கின்றன, பள்ளிக்கூடங்களுக்கு மண்டபங்கள் வருகின்றன. தென்கரையில் கடலைப் பார்த்தபடி நிற்கும் கண்ணகை அம்மன் கோவிலுக்குத் திருவிழா நாட்களில் போனால் ஊர் முழுவதும் திரும்பி வந்துவிட்டதோ என்று தோன்றும். மற்ற நாட்களில் ஒரு ஒழுங்கையில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் வெளிச்சம் எரிந்தால் பெரிய காரியம். அந்த ஒரு வீட்டு முற்றம் கூட்டியிருக்கும், வேலிக்குப் புதுக் கிடுகு கட்டியிருக்கும், கோழி மேயும். திரும்பி வந்து இருப்பவர்களையும் ஒருபோதும் போகாமல் இருந்தவர்களையும் நான் மிக உயர்வாக நினைக்கிறேன். வெறும் வெளி என்று சொல்கிறவர்கள் இந்த ஒழுங்கைகளுக்குள் ஒருதரம் வரவேண்டும்.

குறிகாட்டுவானில் நின்று நெடுந்தீவுப் பக்கம் பார்க்கும்போது 1985 மே 15ஆம் திகதியை நினைக்காமல் இருக்க முடியாது. அன்று நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் பொதுமக்கள் கடலில் வைத்தே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள்.

நயினாதீவுக்குப் படகில் கால் மணி நேரம் வரும். நாகபூசணி அம்மன் கோவிலையும் நாகவிகாரையையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது அம்மன் கோவிலில் இருக்கும் ஒரு கல்வெட்டை. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்தது. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கப்படும் என்று அது சொல்கிறது. அதற்குப் பிறகு வரும் விதி இன்னும் சுவையானது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசனின் பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. யானையும் குதிரையும் படைக்கு வேண்டியவை. அவற்றைக் கொண்டுவருகிறவன் நட்டப்பட்டு அடுத்தமுறை வராமல் விட்டுவிடக்கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. நாங்கள் அடுத்துப் போகும் இடம்.

போகும் வழியில் கரம்பொன். தமிழை உலகப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுபோன தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த ஊர். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு நடப்பதற்குக் காரணமாக இருந்தவர் இந்தச் செம்மண் ஒழுங்கைகளில் ஓடித் திரிந்திருப்பார். கடலோரத்துப் பிள்ளைக்கு உலகம் தூரமாகத் தெரிவதில்லை போலும். இந்தத் தீவின் அல்லைப்பிட்டியில் 1970களின் இறுதியில் மண்ணைக் கிளறியபோது சீனத்துச் சொங் அரச காலத்துப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. 11, 12ஆம் நூற்றாண்டுச் சரக்கு. கல்வெட்டு பேசும் கப்பல்கள் எங்கிருந்தெல்லாம் வந்தன என்பதற்கு அந்த ஓடுகள் சாட்சி.

இன்றைய ஊர்காவற்றுறை அமைதியான சிறு பட்டினம். பழைய தேவாலயங்கள், சில கடைகள், கரையில் வள்ளங்கள், கடலில் அண்மைக் காலத்தில் பெருகியிருக்கும் கடலட்டைப் பண்ணைகளின் வேலித் தடிகள். அந்தப் பண்ணைகளால் சிலருக்கு நல்ல வருமானம். தங்கள் கடல் அடைபட்டுப் போகிறது என்று சிறு தொழிலாளிகளுக்கு மனக்குறை.

இறங்குதுறையில் பாதைக்குக் காத்திருப்பதே ஒரு சுகம். தட்டையான இரும்புத் தளம், சுற்றிவரக் கம்பி. மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள், சைக்கிளில் மீன்பெட்டி கட்டியவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் ஏறுவார்கள். வண்டியை ஏற்றும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு, முதல் கியரில் போட்டு, ஸ்டாண்டில் சாய்த்து, பிரேக்கைப் பிடித்தபடி பக்கத்திலேயே நிற்கவேண்டும். ஈர இரும்பில் ரயர் வழுக்கும். எனக்குப் பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் என் ஹெல்மெட்டைக் கேட்காமலே வாங்கிப் பிடித்துக்கொண்டார். "இரண்டு கையாலும் சைக்கிளைப் பிடியுங்கோ தம்பி" என்றார். கரை வந்ததும் திருப்பித் தந்துவிட்டு, மீன்பையோடு விறுவிறுவென்று போய்விட்டார். சில நிமிடப் பயணம்தான். அதற்குள் வாய்க்காலின் நடுவே கடற்கோட்டை முழுவதுமாகத் தெரியும். போர்த்துக்கேயர் கட்டியது, பிறகு ஒல்லாந்தர் கைக்குப் போனது. இப்போது கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. காற்று பலத்தாலோ பழுது வந்தாலோ பாதை ஓடாது. அப்படியென்றால் வந்த வழியே பண்ணைக்குப் போய்ச் சுற்றித்தான் காரைநகருக்கு வரவேண்டும். அதனால் புறப்படுமுன் யாரிடமாவது கேட்டுக்கொள்வது நல்லது.

காரைநகரில் கசூரினாக் கடற்கரை எல்லோருக்கும் தெரியும். சவுக்கு நிழல், அலையில்லாத கடல், நெடுந்தூரம் நடந்தாலும் மார்பளவைத் தாண்டாத தண்ணீர். நான் அதைவிடக் கோவளத்து வெளிச்சவீட்டுப் பக்கத்தைத்தான் விரும்புவேன். 1916இல் கட்டியது. வீதி அங்கே குறுகி மணலில் முடியும். பின் ரயர் புதைந்தால் வேகம் கொடுக்காமல் இறங்கித் தள்ளுவதே புத்தி. கடற்படை முகாம்கள் இருக்கும் கரைகளில் கமெராவை எடுக்கவேண்டாம்.

பொன்னாலைப் பாலத்துக்கு நாலரை, ஐந்து மணிக்கு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், கண் கூசாது. எதிர்த்திசையில் சுற்றுகிறவர்களுக்குக் காலையில் இதே வசதி இங்கே கிடைத்தாலும், பின்னேரம் புங்குடுதீவுப் பாலத்திலும் பண்ணையிலும் சோளகத்தின் முழு வேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். நெடுந்தீவை இந்தச் சுற்றில் சேர்க்கவேண்டாம், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். பெற்றோலை யாழ்ப்பாணத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு போத்தலுக்கு இரண்டு போத்தல் தண்ணீராகக் கொண்டுபோங்கள். தீவில் கேட்டால் யாரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள், ஆனால் அவர்களே பவுசருக்குக் காத்திருந்து பிடித்த தண்ணீர் அது.

வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், வண்டியை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். ரிம், ஸ்போக், சைலன்சரின் அடிப்பக்கம் எல்லாம் உப்பு படிந்திருக்கும். நன்றாகத் துடைத்துக் காயவிட்டுச் செயினுக்கு எண்ணெய் போட்ட பிறகு படுக்கப் போகலாம்.